கறிக்கடைக்காரரின் ஈரல்

கறிக்கடைக்காரர் வாயை மூடிக்கொண்டிருந்தால் தப்பித்திருப்பார். முப்பது வருஷம் ஆடு அறுத்த மனுஷனுக்கு அது முடியவில்லை, என்ன செய்வது!

அவர் வயிற்றில் இருப்பது மனைவி கொடுத்த கிட்னி. வந்த கிட்னியை உடம்பு விரட்டிவிடக் கூடாதென்று, எதிர்ப்புச் சக்தியை அடக்கிவைக்கும் மாத்திரைகளைத் தினமும் விழுங்குகிறார். நாய் பக்கமே போகக் கூடாது என்பது டாக்டரம்மாவின் கட்டளை. "சத்தியமா போகல" என்று இரண்டு வருஷமாக மனைவியிடம் கூசாமல் புளுகிவந்தார்.

அன்று டாக்டரம்மா ஸ்கேன் படத்தைத் திரையில் காட்டினார். "ஈரல்ல நாடாப்புழுக் கட்டி. நாய்கிட்டேருந்து வர்றது. எதிர்ப்புச் சக்தி இல்லாததால வேகமா வளந்திருக்கு. நாய் வளக்கறீங்களா?"

"நாயா? சேச்சே!"

அதோடு நிறுத்தியிருக்கலாம். படத்தை உற்றுப் பார்த்ததும் தொழில் புத்தி முந்திக்கொண்டது.

"அட, நம்ம நீர்க்கட்டி! பாத்துக் கத்தி வைங்க டாக்டர், உடைஞ்சா போச்சு. ஆட்டுல இந்த மாதிரி ஈரல் வந்தா நான் விக்கவே மாட்டேன். அப்படியே நாய்க்குத் தூக்கிப்..."

மனைவி மெல்லத் திரும்பினாள். "எந்த நாய்க்கு?"

மனுஷன் ஆடிப்போய்விட்டார். கடைவாசலில் காத்திருக்கும் வெள்ளைக்கால் நாய், அது கையை நக்குவது, நக்கிய கையோடு இவர் சாப்பிட உட்காருவது, எல்லாம் வெளியே வந்தது. டாக்டரம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். கட்டியைத் தின்ற நாயின் குடலில் புழு வளர்ந்திருக்கிறது. அதன் முட்டை நாயோடு ஒட்டிக்கொண்டு இவர் வாய்க்கே திரும்பியிருக்கிறது. புழுவுக்குத் தீனி போட்டு வளர்த்த புண்ணியவான் இவரேதான்.

"மாத்திரை போட்டுட்டு, அப்புறம்தான் ஆபரேஷன். உள்ள உடைஞ்சா உயிருக்கே ஆபத்து" என்றார் டாக்டரம்மா.

திரும்பும் வழியில் மனைவி கால்நடை டாக்டரிடம் ஒரு நடை போய்விட்டு வந்தாள். கடைவாசலில் நாய் வாலாட்டியது. இன்றோடு அதன் கதை முடிந்தது என்று நினைத்தார் கறிக்கடைக்காரர்.

"அது என்ன பண்ணும்? போட்டதைத் தின்னுது. போட்ட கையத்தான் ஒடிக்கணும்" என்றபடி நாய்க்கு ஒரு பூச்சி மாத்திரையை நீட்டினாள். லபக்கென்று விழுங்கிவிட்டது. அடுத்து, டாக்டரம்மா கொடுத்த மாத்திரையை இவரிடம் நீட்டினாள். இவர் முகத்தைச் சுளித்தார்.

"கசக்குமே..."

அவ்வளவுதான், வெடித்துவிட்டாள். "நீங்க போனா என் கிட்னியும் கூடவே போயிடும், தெரியுமா?"

"கிட்னிக்காகவா அழுவுற?"

"பின்ன? உங்களுக்காகவா?" என்று அதட்டினாள். கண்ணீர் நிற்கவில்லை.

கறிக்கடைக்காரர் தண்ணீர்கூடக் கேட்காமல் மாத்திரையை விழுங்கினார்.