மீட்டர் விளக்கு

எல்.ஈ.டி. இண்டிகேட்டர் பொருத்தியதிலிருந்து பைக்குக்குப் பதற்றம் பிடித்துக்கொண்டது. இடப்பக்கம் போட்டால் நான்கு விளக்குகளும் படபடவென்று அடித்துக்கொண்டன. அவன் விளக்கை விட்டுவிட்டு எரியவைக்கும் ரிலேயை எல்.ஈ.டி.க்கு ஏற்றதாக வாங்கி மாட்டினான். வேகம் அடங்கி, தூங்குகிறவர் மூச்சைப்போல நிதானம் வந்தது. ஆனாலும் நான்கும்தான் எரிந்தன.

"பின்னாடி வர்றவன் உங்க மனசுக்குள்ள பூந்து பார்க்கணுமா?" என்றாள் வாசற்படியில் உட்கார்ந்திருந்த மனைவி.

இண்டிகேட்டர் எரிவதை ஓட்டுகிறவருக்குக் காட்ட மீட்டரில் இருந்த ஒற்றைக் குட்டி பல்புதான் குற்றவாளி. அது இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக இருந்து, இந்தப் பக்கத்து மின்சாரத்தை அந்தப் பக்கம் கசியவிட்டது. எல்.ஈ.டி.க்கு அந்தக் கசிவே தாராளம். பல்பைப் பிடுங்கினான். இடப்பக்கம் மட்டும் எரிந்தது. மங்கிய சுவரில் மஞ்சள் வெளிச்சம் வந்து வந்து போவதை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சரி, இனிமே இண்டிகேட்டர் எரியுதான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அதை அவன் யோசிக்கவே இல்லை.

மழை விட்ட தெருவில் ஒரு சுற்றுப் போனார்கள். அவள் திரும்பிப் பின்பக்க இண்டிகேட்டரைப் பார்த்துக்கொண்டு, அதே தாளத்தில் அவனுடைய இடது தோளில் விரலால் தட்டினாள். தெருவே மிதப்பதுபோல் இருந்தது. திருப்பம் வந்ததைக் கவனிக்காமல் அவன் நேரே போய்விட்டான். அவளும் தட்டுவதை நிறுத்தவில்லை.

மறுநாள் மாலை கேட்டாள். "கரண்ட் அந்தப் பக்கம் கசியாம ரெண்டு டையோடு போட்டா அந்த பல்பைத் திரும்ப மாட்டிடலாம்னு சொன்னீங்களே, கிடைச்சுதா?"

"கடையில தீர்ந்துபோச்சாம்," என்றான், சட்டைப்பையில் இருந்த இரண்டு டையோடுகளையும் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு.

அவள் அந்தக் கையைப் பார்த்தாள்.

"தீர்ந்தா தீரட்டும். வண்டிய எடுங்க."