இருபத்தாறு பாதம்

"நீங்களே மூடிப் பாருங்க அண்ணே, மூடவே மாட்டேங்குது" என்று வாட்ச்மேன் அட்டைப்பெட்டியைக் கடைப் பலகைமேல் வைத்தார்.

உள்ளே அவருடைய டியூட்டி ஷூ. போன வாரம்தான் நுனியில் வாய் பிளந்திருந்ததை ஒட்டிக் கொடுத்திருந்தார் பசைக்காரர். ரயில் நிலையத்துக்கு எதிர்வரிசையில் அவருக்குப் பெயரே அதுதான். ஷூ, பை, குடை, பெட்டியின் கைப்பிடி என்று எது வந்தாலும் ஒட்டிக் கொடுப்பார். அவர் ஒட்டியது மறுபடி பிரிந்து வந்ததாக வரலாறு இல்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

"ஷூவை டப்பாவுக்கா வாங்கினீங்க, காலுக்கா?" என்றார் பசைக்காரர்.

"காலுக்குத்தான். ஆனா ராத்திரி டப்பாவுலதான வைக்கிறேன், வீட்டுல எலித் தொல்லை. இத்தனை வருசம் சமத்தா உள்ள படுத்திருந்துச்சு. நீங்க முன்னாடி ஒரு ரப்பர், பின்னாடி ஒரு ரப்பர்னு வச்சு விட்டீங்க, இப்போ மூக்கு இடிக்குது."

பசைக்காரர் சிரித்துக்கொண்டே மூடியை அழுத்தினார். மூடி ஒருபக்கம் அமுங்கி, மறுபக்கம் எழுந்தது. நுனி ரப்பர் அட்டையை முட்டிக்கொண்டிருந்தது. இன்னொரு முறை அழுத்தினார். சிரிப்பு அப்படியே முகத்தில் இருக்க, அதற்குப் பின்னால் இருந்ததெல்லாம் வடிந்து போனது.

பாப்பாவின் பழைய ஷூவிலும் இதே ரப்பரைத்தான் வைத்திருந்தார். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று.

பாப்பா என்றால் இருபத்திரண்டு வயது மகள். நாட்டுக்காக நாலு பெண்கள் ஓடும் தொடரோட்டத்தில் மூன்றாவது ஆள். பதினோரு நாளாக அந்தப் பெரிய போட்டி நடக்கிறது. போன குத்துச்சண்டைக்காரர்கள் எல்லாம் முதல் சுற்றிலேயே திரும்பிவிட்டார்கள். நீச்சலில் கடைசி இடம். பளுதூக்கலில் இரண்டு வெண்கலம், அவ்வளவுதான். மிச்சம் இருந்த ஒரே நம்பிக்கை இந்த நாலு பெண்கள். நேற்றுத் தகுதிச் சுற்றில் எட்டாவதாக, கடைசி இடத்தில் தொற்றிக்கொண்டுதான் இறுதிப்போட்டிக்கே வந்திருந்தார்கள். இன்று மாலை நாலு மணிக்கு ஓட்டம்.

கடைசி இடத்துக்குக் காரணம் பாப்பா என்று நாடே சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டாவதாக ஓடுகிற பெண் கையில் தொடரோட்டக் கோலோடு பாய்ந்து வருவாள், அவளை எல்லோரும் நெட்டை என்பார்கள். பாப்பா அதை நின்றபடி வாங்க முடியாது, தலையைத் திருப்பாமல் ஓடிக்கொண்டே வாங்க வேண்டும். அதற்காக ஓட்டம் தொடங்கும் முன்பே தான் நிற்கும் கோட்டிலிருந்து பின்பக்கமாக, குதிகாலையும் நுனியையும் ஒட்ட ஒட்ட வைத்து, இருபத்தாறு பாதம் அளந்து தரையில் ஒரு டேப் ஒட்டிவைப்பாள். நெட்டையின் கால் அந்த டேப்பைத் தாண்டியதும் பாப்பா கிளம்பிவிடுவாள். நேற்று அவள் கிளம்பியது சீக்கிரம். நெட்டை கையை நீட்டி நீட்டி, வாய்விட்டுக் கத்தி, எட்டவில்லை. கோல் மாற்றும் எல்லை முடிகிற இடத்தில் பாப்பா கிட்டத்தட்ட நின்றே போய் வாங்கினாள்.

"பதற்றம்" என்றார் டிவியில் வர்ணனை சொன்னவர். "அவசரக்குடுக்கை" என்றது பக்கத்துத் தையல்கடை. காலைப் பேப்பரில், மூன்றாவது வீராங்கனையை மாற்றலாமா என்று பெட்டி கட்டிப் போட்டிருந்தார்கள்.

அளப்பது எப்போதும் அந்தப் பழைய கான்வாஸ் ஷூவைப் போட்டுத்தான். ஓடுகிற ஷூவின் அடியில் ஆணி இருக்கும், அதைக் கடைசி நிமிடத்தில்தான் மாட்டுவாள். பழசு நாலு வருட சிநேகிதம், நுனி பிய்ந்து வாயைத் திறந்துகொண்டிருந்தது. கிளம்புவதற்கு முந்தின நாள் அவர் அதைக் கையில் எடுத்தபோது, "அப்பா, அதை மட்டும் தொடாதீங்க. அது அப்படியே இருக்கட்டும்" என்று சொன்னாள். ஏதோ ராசி பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். பிய்ந்த ஷூவோடு மகளை வெளிநாட்டுக்கு அனுப்பினால், ஊரில் எவன் சும்மா இருப்பான், பசைக்காரன் பெண்ணைப் பார் என்று சொல்ல மாட்டானா? அவள் குளிக்கப் போன நேரத்தில் கடைக்கு எடுத்துவந்து, ஒட்டி, துடைத்து, பையில் அடியில் வைத்துவிட்டார். விமானம் தாமதம், பெட்டிகள் ஒருநாள் கழித்து வந்தன, பயிற்சிக்கு நேரமே இல்லாமல் நேராகத் தகுதிச் சுற்றுக்குப் போனார்கள்.

பசைக்காரர் மேஜைக்கு அடியிலிருந்து ரப்பர் துண்டை எடுத்து அளவுகோலில் வைத்தார். முன்பக்கம் எட்டு மில்லிமீட்டர். பின்பக்கம் ஏழு. ஆக ஒன்றரை சென்டிமீட்டர். ஒரு ஷூவுக்கு இது ஒன்றுமே இல்லை. இருபத்தாறு முறை வைத்தால்? வாட்ச்மேனின் டப்பா மூடியிலேயே பென்சிலால் பெருக்கினார். முப்பத்தொன்பது. ஏறக்குறைய ஒன்றரைப் பாதம் டேப் தள்ளிப் போயிருக்கிறது. பெண் பதறவில்லை. டேப் இருந்த இடத்துக்குச் சரியாகத்தான் கிளம்பியிருக்கிறாள்.

"என்னண்ணே, டப்பாவுல கணக்குப் போடுறீங்க?"

"நாளைக்கு வாங்க, புது டப்பா தர்றேன்" என்று ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டார்.

மனைவிக்குப் பக்கத்துத் தெரு மருந்துக்கடையில் வேலை. அவள்தான் கோச் மேடத்தின் நம்பரை வைத்திருந்தாள். அவர் மூச்சு வாங்கப் போய் நின்றபோது ஒரு பெரியவருக்கு மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணி முடித்து, பெரியவரை அனுப்பிவிட்டு, முழுசாகக் கேட்டாள்.

"தொடாதீங்கன்னு சொன்னாளே" என்றாள்.

அதற்கு மேல் அவள் திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் போனை எடுத்து டயல் செய்தாள். கோச் மேடத்தின் போனும் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. இறுதிப்போட்டி முடிகிற வரை யாரும் யாரோடும் பேசக்கூடாது என்று கோச் மேடம் எல்லோருடைய போனையும் வாங்கிப் பூட்டிவிட்டதாக நேற்று மாலையே பாப்பா சொல்லியிருந்தாள். கோச் மேடத்தின் போனில்தான் பேசினாள், ஐந்து நிமிடம்.

"கால் தானா கிளம்பிடுச்சுப்பா. எப்படின்னே தெரியல. மேடம் திட்டக்கூட இல்ல, அதான் பயமா இருக்கு."

"பரவாயில்ல பாப்பா. நாளைக்கு அவசரப்படாத. ஒரு நொடி பொறுத்து எடு."

"ஷூ நல்லா ஒட்டியிருக்கீங்கப்பா" என்றாள் அவள் போனை வைக்கும் முன்.

அந்தப் பேச்சை இப்போது ஒவ்வொரு வார்த்தையாக நினைத்துப் பார்த்தார். பொறுத்து எடு என்று வேறு சொல்லிவைத்திருக்கிறார். அவள் டேப்பைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்து, அப்பா சொன்னாரே என்று பொறுக்கவும் செய்தால், நெட்டை வந்து முதுகிலேயே மோதுவாள். சேதி போய்ச் சேராவிட்டாலும் பயம், பாதி போய்ச் சேர்ந்தாலும் பயம்.

"ஒட்டினவருக்குப் பிரிக்கத் தெரியாதா? எப்படிப் பிரிக்கிறதுன்னு சொல்லி அனுப்புங்களேன்" என்றாள் மனைவி.

"என் பசை பிரியாது" என்றார். வாழ்க்கையில் முதல்முறையாக அதை வெட்கத்தோடு சொன்னார்.

டைப் அடிக்க அவருக்கு வராது. மருந்துக்கடையின் பின்பக்கம், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே நின்று குரலைப் பதிவு செய்தார். முதல் தடவை "மேடம் வணக்கம், நல்லா இருக்கீங்களா" என்பதிலேயே பாதி போயிற்று. இரண்டாம் தடவை பாதக் கணக்கைத் தலைகீழாகச் சொல்லிவிட்டார். மூன்றாம் தடவை மனைவி போனைப் பிடித்துக்கொண்டாள், அவர் பேசினார். "மேடம், பாப்பா மேல தப்பில்ல. ஷூவை ஒட்டினது நான். ஒன்றரை சென்டிமீட்டர் நீளம். இருபத்தாறுக்குப் பதிலா இருபத்து நாலரைப் பாதம் வைக்கச் சொல்லுங்க. பொறுக்க வேண்டாம், எப்பவும் கிளம்புற மாதிரியே கிளம்பச் சொல்லுங்க." அனுப்பினார்கள். ஒரே ஒரு டிக். அது ஒன்றாகவே நின்றது.

தையல்கடைக்காரர்தான் விளையாட்டுச் சங்கத்தின் அலுவலக நம்பரைத் தேடிக் கொடுத்தார். காலையில் அவசரக்குடுக்கை என்ற அதே வாய். விஷயம் தெரிந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டு, தன் போனிலேயே போட்டு நீட்டினார்.

எடுத்தவர் ஒரு கிளார்க். குரலிலேயே தூக்கமின்மை.

"சார், நேத்துலேர்ந்து நூறு பேர் போன் பண்ணி எப்படி ஓடணும்னு சொல்லிட்டாங்க. நீங்க நூத்தி ஒண்ணு."

"நான் மூணாவதா ஓடுற பொண்ணோட அப்பாங்க."

"காலைல ஒருத்தர் அதையேதான் சொன்னார். மத்தியானத்துக்குள்ள எத்தனை அப்பா வருவாங்களோ."

"சார், விளையாடாதீங்க. ஷூ நீண்டுபோச்சு. நான்தான் ஒட்டினேன்."

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. யோசனை சொல்ல வந்தவன் எவனும் தப்பு தன்னுடையது என்று சொல்லியிருக்க மாட்டான் போலும். "சொல்லுங்க, எழுதிக்கறேன்" என்றது குரல், இப்போது வேறு மாதிரி.

சொன்னார்.

"இருபத்து நாலரையா? அரைப் பாதத்தை எப்படி சார் வைக்கிறது?"

"அது அவளுக்குத் தெரியும்."

"அங்க மேனேஜர் ஒருத்தர் இருக்கார். மெயில்தான் பார்ப்பார், அதுவும் பார்த்தா உண்டு. அனுப்பி விடறேன். அதுக்கு மேல என் கையில இல்ல."

நன்றி சொல்வதற்குள் வைத்துவிட்டார்.

மூன்று மணிக்கு ஓடுகிறவர்களின் பட்டியல் வந்தது. பாப்பாவை மாற்றவில்லை. தையல்கடையில் கைதட்டினார்கள். பசைக்காரருக்கு மட்டும், மாற்றியிருந்தால் தேவலையோ என்று ஒரு கணம் தோன்றி, அப்படித் தோன்றியதற்காகவே கன்னத்தில் அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. அந்த இடத்துக்காக அவள் காலை நாலு மணிக்கு எழுந்த வருடங்கள் எத்தனை என்று அவருக்குத் தெரியும்.

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வரிசைக்கடைக்காரர்கள் எல்லோரும் தையல்கடை டிவிக்கு முன்னால் கூடிவிட்டார்கள். வாட்ச்மேன்கூட டியூட்டியை விட்டுவிட்டு, டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்திருந்தார். மனைவி அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்து, உட்கார நாற்காலி கொடுத்தும் உட்காராமல் பின்னால் நின்றாள். போனைப் பார்த்தார் பசைக்காரர். ஒரே டிக்.

"உங்க பொண்ணு, உங்க பொண்ணு!" என்று தையல்கடைக்காரர் கத்தினார்.

திரையில் பாப்பா. ஓடுதளத்தில் குனிந்த தலையோடு, பழைய ஷூவில், குதிகாலையும் நுனியையும் ஒட்ட ஒட்ட வைத்து நடந்துகொண்டிருந்தாள். கையில் டேப் துண்டு. வீட்டுக் கூடத்தில் ஒரு வயதில் முதல் அடி எடுத்து வைத்தபோதுகூட அவர் இப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்ததில்லை. எத்தனையாவது பாதம்? காமெரா நடுவில்தான் வந்திருந்தது. வர்ணனை சொல்கிறவர் போன தடவை நடந்த கோளாறைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். கோட்டுக்கும் அவளுக்கும் உள்ள தூரத்தைக் கண்ணாலேயே அளந்தார். பதினெட்டா? பத்தொன்பதா? அங்கிருந்து எண்ணத் தொடங்கினார். இருபது. இருபத்தொன்று. இருபத்திரண்டு. இருபத்து மூன்று.

பாப்பா நின்றாள்.

குனிந்து, வலது ஷூவின் நுனியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். கடையில் புது ஷூ வாங்குகிறவர்கள் அழுத்துவது போல.

"அவளுக்குத் தெரிஞ்சிடுச்சு" என்றாள் மனைவி.

"சும்மாகூட அழுத்தியிருக்கலாம்" என்றார் அவர்.

படம் மாறியது. பார்வையாளர் வரிசையில் யாரோ முகத்தில் சாயம் பூசிக்கொண்டு குதித்தார்கள். அடுத்து இன்னொரு நாட்டுக்காரியின் சிரிப்பு. அடுத்து ஏதோ விளம்பரப் பலகை. "ஏய், திருப்புடா அந்தப் பக்கம்!" என்று வாட்ச்மேன் டிவியைப் பார்த்து அதட்டினார். மறுபடி பாப்பாவைக் காட்டியபோது அவள் ஆணி ஷூவுக்கு மாறியிருந்தாள். டேப் எங்கே ஒட்டியிருக்கிறது என்று அந்தத் தூரத்தில் தெரியவில்லை. ஒரு வெள்ளைக் கீறல், அவ்வளவுதான். அது இருபத்து நாலரையாகவும் இருக்கலாம், இருபத்தாறாகவும் இருக்கலாம்.

துப்பாக்கி வெடித்தது.

முதல் பெண் வளைவில் நன்றாகவே வந்தாள். கோல் நெட்டையின் கைக்குச் சுத்தமாக மாறியது. நெட்டை நீளக்கால்களை வீசிக்கொண்டு நேர்தளத்தில் பாய்ந்தாள். நாலாவதா, மூன்றாவதா என்று கடையில் கூச்சல். பசைக்காரர் நெட்டையைப் பார்க்கவில்லை. திரையின் ஓரத்தில், முதுகை வளைத்து, தோளுக்குக் கீழாகப் பின்னால் பார்த்துக்கொண்டு நிற்கும் ஒரே உருவத்தைத்தான் பார்த்தார். பொறுக்காதே பாப்பா. நான் சொன்னதைக் கேட்காதே. ஒருமுறையாவது நான் சொன்னதைக் கேட்காதே.

நெட்டையின் கால் வெள்ளைக் கீறலைத் தாண்டியது.

பாப்பா கிளம்பினாள். ஒன்று, இரண்டு, மூன்று அடி. தலை திரும்பவில்லை. ஐந்து, ஆறு. அவள் வலதுகை பின்னால் நீண்டது, உள்ளங்கை மேல்நோக்கி, விரல்கள் அகல விரிந்து.

"எட்டுமா?" என்று பின்னாலிருந்து மனைவி கேட்டாள். அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். "சொல்லுங்க, எட்டுமா?"

எல்லோரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்ததால் யாரும் கவனிக்கவில்லை. தையல் இயந்திரங்களுக்கு நடுவே பசைக்காரரும் முன்னால் குனிந்து நின்றிருந்தார். பசை காய்ந்து கறுத்த அவருடைய வலதுகை பின்னால் நீண்டு, விரல்கள் விரிந்து, வெறுமையாகக் காத்துக்கொண்டிருந்தது.