லோடு வந்த ஆள்

வலது தோள் காலையிலிருந்தே கழன்று விழுகிற மாதிரி வலித்தது. முந்தின நாள் அச்சரப்பாக்கத்தில் நெல் மூட்டை ஏற்றியதன் பலன். கையைத் தூக்கிச் சட்டை போட முடியவில்லை. வலது கையை முதலில் நுழைத்து, மீதியை இடது கையால் இழுத்து மாட்டிக்கொண்டுதான் அருணகிரி படாளத்தில் ரயில் ஏறினான். இப்போது விமான நிலையத்துக் கம்பித் தடுப்பில் அந்தத் தோளைச் சாய்த்துக்கொண்டு நின்றான். வெளியே வருகிறவர்கள் எல்லாரும் அவனைத் தாண்டி வேறு யாரையோ தேடினார்கள்.

மனைவி வேண்டா மூன்று வருஷம் கழித்து வருகிறாள். மஸ்கட்டில் ஒரு வீட்டு வேலை. சமையல், பாத்திரம், எட்டு கட்டில், எட்டு கட்டிலுக்கும் தினம் படுக்கை மாற்றுவது. அந்தப் பணத்தில்தான் மகன் ரமேஷ் ஓட்டல் படிப்பு படித்தான். மாமல்லபுரம் பக்கத்தில் கடலோர ஓட்டல் ஒன்றில் வரவேற்பில் நிற்கிறான். டை கட்டுகிறான்.

பக்கத்தில் தொப்பையும் நரைத்த மீசையுமாக ஒரு டிரைவர் அட்டை பிடித்துக்கொண்டு நின்றான். அட்டையில் பெரிசாக 'வேண்டா' என்று எழுதியிருந்தது.

"அது எம் பொண்டாட்டி பேரு" என்றான் அருணகிரி.

டிரைவர் சந்தோஷமாகத் திரும்பினான். "அப்ப நீங்க ரமேஷ் சாரோட நைனாவா? நான் ஜோஷ்வா, சதுரங்கப்பட்டினம். ஓட்டலுக்கு வண்டி ஓட்டிகினு இருக்கேன். அம்மாவ கூட்டினு வரச் சொன்னாரு."

"அப்பன் வருவான்னு சொல்லலியா?"

"சொல்லலியே அண்ணாத்த. மறந்திருப்பாரு."

"மறந்துதான் இருப்பான்."

ஜோஷ்வாவுக்கு அந்தக் குரல் பிடிக்கவில்லை. அட்டையை உயர்த்திக்கொண்டு கொஞ்சம் தள்ளி நின்றான்.

வேண்டா வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். மேலே கயிறு கட்டிய இரண்டு பெரிய பெட்டி. புருஷனைப் பார்த்ததும் அழவில்லை, சிரிக்கவுமில்லை.

"இன்னாய்யா, காஞ்ச கருவாடு மாதிரி கீற?"

"நீ மட்டும் இன்னாவாம். கால பாரு, மெத்தை மாதிரி கீது."

உண்மைதான். கணுக்கால் இரண்டும் செருப்பு வாரை அழுத்திக்கொண்டு வீங்கியிருந்தன. "ராத்திரி பூரா தொங்கப் போட்டுகினு வந்தேன்ல" என்றாள். "புள்ள எங்க?"

"ஓட்டல்ல. டூட்டி. மத்தியானம் வரைக்கும்தான் இருப்பானாம். நீ வர்றத பாக்கணும்னு வாசல்ல நின்னுகினு இருப்பான்." சொல்லிவிட்டுப் பெட்டி ஒன்றைத் தூக்கி இடது தோளில் வைத்தான். "வா, ரயில்ல போயிடலாம். எதுத்தாப்பலதான் திருசூலம் ஸ்டேசன். செங்கல்பட்டுல எறங்குனா பஸ்ஸு."

"அப்ப அந்த அட்டையில கீறது யாரு பேரு?"

ஜோஷ்வா ஓடி வந்தான். "அக்கா, வண்டி ரெடியா கீது. ஏசி போட்டா தூங்கிகினே போலாம்."

"காரு வேணாம்" என்றான் அருணகிரி. "தாம்பரத்துல மாட்டுனா பொழுது போயிடும்."

"வண்டலூர்ல உள்ள புகுந்து கேளம்பாக்கம் போயிடுவேன் அண்ணாத்த. தாம்பரத்துல கொஞ்சம் இழுக்கும், அப்பறம் பஞ்சா பறக்கும்."

"உன்ன கேட்டனா?"

"நான் இன்னா பாவம் பண்ணேன்" என்று ஜோஷ்வா முணுமுணுத்தான். "இங்க பார்க்கிங்குக்கு காசு ஏறிகினு கீது."

அருணகிரி காதில் வாங்காமல் சுரங்கப்பாதைப் பக்கம் நடந்தான். வேண்டா வண்டியைத் தள்ளிக்கொண்டு பின்னால் வந்தாள். படிக்கட்டு வந்ததும் நின்றாள். கீழே இறங்கி, ரோட்டுக்கு அடியில் நடந்து, அந்தப் பக்கம் ஏறி, ஸ்டேஷன் படி வேறு. அவள் படியைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். பிறகு மிச்சமிருந்த பெட்டியைக் கீழே தள்ளி அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"ஊது" என்றாள்.

"இன்னா?"

"வாயத் தெறந்து ஊதுய்யா."

ஜனம் இரண்டு பக்கமும் ஒதுங்கிப் போனது. அருணகிரி குனிந்து அவள் முகத்தில் ஊதினான். டீ வாசனைதான் வந்தது.

"குடிக்கல. அப்ப இன்னா கேடு உனக்கு? மூணு வருசம் எவன் எவனோ படுத்த பெட்ஷீட்ட இழுத்துக் கட்டினேன். எம் புள்ள போன்ல சொன்னான், 'ம்மா, நீ கட்டில்ல படு, காலைல வேற ஆளு வந்து பெட்ஷீட்ட மாத்தும்'னு. ஸ்டாஃப் ரேட்டுல ரெண்டு நாளு ரூமு எடுத்துக் கீறான். இத்தன மாசமா அந்த ரூமத்தான் நெனச்சிகினு கீறேன். அவன் காரு அனுப்புறான், நீ என்னப் படியேறச் சொல்ற. ஏன்?"

"காரு எங்க போயி நிக்கும்?"

"எங்க நிக்கும், வாசல்ல நிக்கும்."

"அந்த வாசலுக்கு நான் வரமாட்டேன். ரயில்ல வந்தா உன்ன பஸ்ஸு வரைக்கும் ஏத்தி வுட்டுட்டு நான் ஊருக்குப் போயிடுவேன்."

வேண்டா பெட்டியை விட்டு எழுந்திருக்கவில்லை. "சொல்லு" என்றாள்.

அவனுக்கு நின்றுகொண்டு சொல்லத்தான் வந்தது. கீழே சுரங்கப்பாதையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். நாலு மாசத்துக்கு முன்னால் டைல்ஸ் லாரியில் லோடுமேனாகப் போனது. அது ரமேஷ் வேலை பார்க்கிற ஓட்டல் என்று போய் இறங்கும் வரைக்கும் தெரியாது. பின்பக்கக் கேட்டு. பெட்டி பெட்டியாக இறக்கியது. இந்தத் தோள்தான் அப்போதும் சறுக்கியது. ஒரு பெட்டி முனை தரையில் பட்டு உடைந்தது. மேனேஜர் ஹரிஹரன் ஓடி வந்து, எந்த ஊர் மாடுய்யா நீ என்று கத்தியது. சத்தம் கேட்டு உள்ளேயிருந்து ரமேஷ் வந்தது.

"டையோட பாத்தேனா, எனக்கு அந்தாளு திட்டுனதே மறந்து போச்சு. 'டேய் ரமேசு'ன்னுட்டேன். பல்ல இளிச்சிகினு. மேனேஜரு திரும்பி, 'உனக்குத் தெரிஞ்சவனா?'ன்னு கேட்டாரு."

"அவன் இன்னா சொன்னான்?"

"'லோடு வந்த ஆளு சார்'னான்."

வேண்டா குனிந்து செருப்பு வாரைத் தளர்த்தினாள். "வேல போயிடும்னு பயந்திருப்பான்யா. புதுசா சேந்த புள்ள."

"இருக்கட்டும். பொய்யா சொன்னான்? லோடு வந்த ஆளுதான் நானு. அதோட வுட்டிருந்தா நானும் வுட்டிருப்பேன். உள்ள போயிட்டு வாட்ச்மேன்கிட்ட தண்ணி பாட்டில் குடுத்து அனுப்புறான். 'லோடு ஆளுக்குக் குடு'ன்னு. அந்த வாட்ச்மேன் அப்படியே வந்து சொல்றான். எம் புள்ள எனக்குத் தர்ம தண்ணி அனுப்புறான்மே."

"குடிச்சியா?"

"குடிச்சேன். தாகமா இருந்துச்சு."

அவள் கையில் கிடைத்ததை அவன்மேல் எறிந்தாள். செருப்பு. "அதக் குடிச்சிட்டு நாலு மாசம் என்கிட்ட போன்ல ஒண்ணும் சொல்லாம இருந்தியே, நீ ஒரு ஆளா? அவனும் சொல்லல, நீயும் சொல்லல. நடுவுல நான் அங்க குந்திகினு எம் புள்ள எம் புள்ளன்னு அந்த வூட்டுக்காரிகிட்ட பீத்திகினு கீறேன்!"

போகிற ஒருவன் நின்று வேடிக்கை பார்த்தான். "இன்னா பாக்குற, நீ போ" என்றாள் அவனிடம். அருணகிரி செருப்பை எடுத்து வந்து அவள் காலடியில் வைத்தான். வீங்கின கால் உடனே உள்ளே போகவில்லை. திணித்துக்கொண்டு எழுந்தாள்.

"காருலதான் போறோம்."

"நான் சொல்றது..."

"வாய மூடிகினு ஏறு."

கார் வண்டலூரில் திரும்பியது. ஜோஷ்வா பாட்டு போடக் கையைக் கொண்டுபோய், கண்ணாடியில் வேண்டாவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான். கேளம்பாக்கம், திருப்போரூர் தாண்டியது. அருணகிரி முன் சீட்டில் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஏசிக் காற்று நேராக அந்தத் தோளிலேயே அடித்தது. திருப்பி வைக்கச் சொல்ல அவனுக்குத் தோன்றவில்லை.

பூஞ்சேரி கிட்டே போன் வந்தது. ரமேஷ். "அம்மா, எங்க இருக்கீங்க? நான் முன்வாசல் போர்ச்சுலதான் நிக்கிறேன். எல்லாரும் வெயிட் பண்றோம்."

அம்மாவை அவன் 'நீங்க' என்று சொல்லி அவள் கேட்டதில்லை. பக்கத்தில் ஆள் இருக்கிறது போல.

"பின்பக்கக் கேட்டுக்கு வா" என்றாள்.

"பின்பக்கமா? அது சர்வீஸ் கேட்டும்மா. அங்க லோடு வண்டிதான்..."

"லோடுதான் வருது. வந்து எறக்கு." போனை வைத்தாள். "ஜோஷ்வா, வாசல்ல நிறுத்துன, உன்ன இன்னா பண்ணுவேன்னு எனக்கே தெரியாது."

"எனக்கு இன்னாக்கா, பின்னாலயே வுடுறேன்" என்றான் ஜோஷ்வா. "அந்தப் பக்கம் நிழலு வேற."

பின்பக்கம் காஸ் சிலிண்டரும், காய்கறி கூடையும், அழுக்குத் துணி மூட்டையுமாகக் கிடந்தது. வாட்ச்மேன் ஏசுபாதம் குனிந்து காருக்குள் பார்த்தான்.

"இன்னா லோடுமேன், லாரிய வித்துட்டுக் காரு வாங்கிட்டியா? இன்னிக்கு இன்னா லோடு?"

"நான்தான்" என்று வேண்டா இறங்கினாள். "தண்ணி குடுத்தது நீதானா?"

ஏசுபாதத்துக்கு ஒன்றும் புரியவில்லை. "எந்தத் தண்ணிம்மா?"

உள்ளேயிருந்து ரமேஷ் ஓடி வந்தான். வெள்ளைச் சட்டை, டை, கையில் வந்தவர்களுக்குப் போடும் சம்பங்கி மாலை. அம்மாவைப் பார்த்ததும் டையெல்லாம் மறந்து "ம்மா" என்றான். கட்டிக்கொண்டான். உண்மையாகத்தான் அழுதான். அவளுக்கும் ஒரு நிமிஷம் கை தளர்ந்தது. அவன் முதுகைத் தடவினாள். மாலையை அவள் கழுத்தில் போட்டான். அருணகிரி காருக்கு அந்தப் பக்கம் நின்றான். மகன் அவனைப் பார்த்துத் தலையை ஆட்டினான். அதை என்ன என்று எடுத்துக்கொள்வது என்று அருணகிரிக்குத் தெரியவில்லை.

பின்னாலேயே மேனேஜர் ஹரிஹரன் சிரித்துக்கொண்டு வந்தார். "என்ன ரமேஷ், அம்மாவை இந்த வழியா கூட்டிட்டு வரலாமா? வாங்கம்மா, வாங்க. ரமேஷ் உங்களப் பத்திப் பேசாத நாளே கிடையாது." பேசிக்கொண்டே பார்வை காரின் அந்தப் பக்கம் போனது. நின்றது. "இவரு... அன்னைக்கு டைல்ஸ் ஒடச்ச ஆளு இல்ல?"

வேண்டா மகனின் முகத்தைப் பார்த்தாள். வேறெங்கும் பார்க்கவில்லை. அருணகிரியும் பார்த்தான். ரமேஷின் வாய் லேசாகத் திறந்தது. காது மடல் சிவந்தது. சின்ன வயதில் பொய் சொல்லப் போகும்போது சிவக்குமே, அதே மாதிரி.

"ஆமா சார்" என்றான். "அம்மா கூட வந்திருக்காரு."

அதுவும் பொய்யில்லை.

அருணகிரி டிக்கியைத் திறந்து பெட்டியை எடுக்கக் குனிந்தான். பழக்கம்.

"அத வையி" என்று வேண்டா கத்தினாள். மேனேஜர் ஒரு அடி பின்னால் போனார். "எடுத்த கைய ஒடிப்பேன். வையி." மாலையைக் கழற்றி, பக்கத்திலிருந்த அழுக்குத் துணி மூட்டைமேல் போட்டாள். "தம்பி, ரூமு சாவிய நீயே வெச்சிக்கோ. கட்டில்ல நீயே படு. காலைல எவனாச்சும் வந்து பெட்ஷீட்ட மாத்துவான்."

"ம்மா, எல்லாரும் பாக்குறாங்க..."

"பாக்கட்டும்டா. பாக்கணும்னுதான் இவ்ளோ தூரம் வந்தேன்."

காரில் ஏறினாள். இந்தத் தடவை அருணகிரி முன்னால் ஏறப் போனபோது பின்னால் இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். ஜோஷ்வா வண்டியை எடுத்துவிட்டுக் கொஞ்ச தூரம் போய்த்தான் கேட்டான். "எங்க அக்கா?"

"செங்கல்பட்டு ஸ்டேசன்."

"இதத்தானே அங்கயே சொன்னேன்" என்றான் அருணகிரி. "அப்பவே ரயில்ல போயிருந்தா..."

"நீ பேசாத. உன்மேல கீற கோவம் தனி. அத வூட்டுக்குப் போயி பாக்குறேன்." சொல்லிக்கொண்டே ஏசிக் காற்று அவன் தோளில் படாமல் திருப்பி வைத்தாள். கால் இரண்டும் இன்னும் மெத்தை மாதிரிதான் இருந்தன.

திருக்கழுக்குன்றம் வருவதற்குள் ரமேஷ் மூன்று தடவை கூப்பிட்டான். நாலாவது தடவைதான் எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டாள். அந்தப் பக்கம் அழுகைச் சத்தம்.

"ம்மா, நான் என்னம்மா பண்றது, அந்த நேரத்துல வாயே வரலம்மா. நாளைக்கு லீவு போட்டுட்டு ஊருக்கு வரேன். அவரு கால்ல விழறேன்."

"கால்ல வுழுவ வேணாம். ஊருக்கும் வர வேணாம். ஊர்ல உன்ன எவன் கேட்டான்? அந்தாளுக்கு நீ ஒரு 'அப்பா' பாக்கி வெச்சிருக்க. அந்த மேனேஜரு முன்னால, அந்த வாட்ச்மேன் முன்னால, வாயத் தெறந்து 'இவரு எங்கப்பா'ன்னு சொல்லணும். அதக் குடுத்துட்டு எனக்குப் போன் பண்ணு."

போனை அணைத்து மடியில் வைத்துக்கொண்டாள். செங்கல்பட்டு வரைக்கும் அது அடிக்கவில்லை. படாளத்துக்கு ரயில் வந்து, இரண்டு பேரும் ஏறி, அருணகிரி இடது தோளாலேயே இரண்டு பெட்டியையும் ஏற்றி முடித்த பிறகும் அடிக்கவில்லை. அந்த ஒரு 'அப்பா' இன்னும் பாக்கி.