டிக்கியில் ஓர் எர்த் கம்பி

எங்கள் ஊரில் அறுபது முடிந்தவர்களின் குரல் அவரவர் காருக்குப் போய்விடும். கார் இல்லாதவர்களின் குரல் சந்தையில் நிற்கும் பொது டெம்போவுக்குப் போகும். அதில் நெரிசல் அதிகம், யார் பேசுகிறார்கள் என்று பிரித்தறிய முடியாது. எனக்குச் சொந்தக் கார் இருந்தது. உள்ளே உட்கார்ந்து வாயசைத்தால் கதவு ஸ்பீக்கரில் சொல் வரும். காய்கறி வாங்க அது போதும்.

பத்திரப் பதிவு அலுவலகத்துக்குப் போதாது. அலுவலகம் மாடியில் இருக்கிறது. விற்பனைக்கு வரும் வீட்டின் பங்குதாரரை அதிகாரி ஜன்னலிலிருந்து மூன்று முறை அழைப்பார். கீழே காரிலிருந்து எழும் மறுப்பு அவர் காதில் விழ வேண்டும். விழாவிட்டால் சம்மதம். எங்கள் வீட்டைக் கல்யாண மண்டபத்துக்கு விற்கத் தம்பி அருணகிரி சம்மதித்துவிட்டான். அதில் குடியிருப்பவள் நான்.

ஆகவே ஆம்ப்ளிஃபையர் வாங்கினேன். மெக்கானிக் சுடலைக்கண்ணு பதிவு நாள் காலையில்தான் கைக்குக் கிடைத்தார். அலுவலக வாசலில், வேப்பமரத்தடியில், காரைத் திறந்து போட்டு வேலை செய்தார். பேட்டரியிலிருந்து சிவப்புக் கம்பி ஃபியூஸ் வழியாக இடப்பக்கம் ஓடியது. என் சொற்கள் வரும் மெல்லிய கம்பியை வலப்பக்கம் கொண்டுபோனார். இரண்டும் ஒட்டிப் போனால் பேச்சில் எஞ்சின் இரையும். டிக்கியில் பெயின்ட்டைச் சுரண்டி இரும்பை வெளிக்கொண்டுவந்தார். புது இடத்தில் பொட்டு வைக்காமல் அவர் எதையும் முடுக்குவதில்லை. சந்தனமும் குங்குமமும் வைத்தார். அதன்மேல் கறுப்பு எர்த் கம்பியை வைத்து முடுக்கினார்.

"பங்குதாரர் செண்பகவடிவு!" என்று ஜன்னல் அழைத்தது.

மறுப்பைச் சொன்னேன். ஸ்பீக்கரில் கடுகு வெடித்தது. ஆம்ப்ளிஃபையரின் விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது.

படியில் நின்ற தம்பி முகம் சுளித்தான். மின்வாரியத்தில் வேலை பார்ப்பவன்.

"என்னவே சத்தம் இது, அப்பளமா பொரிக்கிய? எர்த்த எங்க புடிச்சிருக்க?"

"டிக்கியிலதான் சார். நல்லா இறுக்கியாச்சு."

தம்பி போய்க் குனிந்து பார்த்தான். "சந்தனத்துமேலயா எர்த் புடிப்ப? கம்பி இரும்புல படவேண்டாமா, கோட்டிக்காரா! பேட்டரி மைனஸக் கழட்டு."

"கழட்டுனா அம்மாவுக்குச் சுத்தமா பேச்சு வராதே சார்."

"கழட்டாம எப்படிவே கை வைக்க?"

சுடலைக்கண்ணு என்னைப் பார்த்தார். நான் பேசாதிருந்தால் வீடு விலைபோகும். விலைபோனால் தம்பி நினைத்தது நடக்கும். அவன் கைகள் டிக்கிக்குள் இருந்தன. பக்கக் கண்ணாடியில் அவன் முதுகு மட்டும் தெரிந்தது. தலையசைத்தேன்.

கழற்றினார்.

இரண்டாம் அழைப்பு வந்தது. வாயைத் திறந்தேன். வேப்பிலைகள் உதிர்வது கேட்டது. வீட்டை வாங்க வந்தவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைத் திருகினார். பின்னால் தம்பியின் சாவி இரும்பைச் சுரண்டிக்கொண்டிருந்தது, நின்றது, மறுபடி சுரண்டியது. வேண்டுமென்றே மெதுவாகச் செய்கிறானா என்று எனக்குத் தெரியவில்லை. சின்ன வயதிலும் அவன் எதையும் மெதுவாகத்தான் செய்வான்.

அதிகாரி மூன்றாம் முறையாக ஜன்னலுக்கு வந்து தொண்டையைச் செருமினார்.

"மாட்டுவே!" என்றான் தம்பி.

சுடலைக்கண்ணு பேட்டரி மைனஸை மாட்டினார். விளக்கு ஆடாமல் நின்றது.

"பங்குதாரர் செண்பகவடிவு!"

"சம்மதமில்லை" என்றேன்.

ஜன்னல் கதவுகள் அதிர்ந்தன. கல்லூரி நாளில்கூட எனக்கு இப்படியொரு குரல் இருந்ததில்லை. அதிகாரி தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். வாங்க வந்தவர் பேனாவை மூடினார்.

தம்பி டிக்கியைச் சாத்திவிட்டு என் பக்கம் வந்தான். "வீட்ட விடமாட்டல்லா நீ."

"நீயே சரி பண்ணிட்டு, என்னல பேச்சு?"

"எர்த் வேற, வீடு வேற" என்றான். விரல்களெல்லாம் கறுத்திருந்தன.

என் சொல் ஊர் எல்லைவரை போயிருந்தது. அதைக் கேட்டு, காலையில் விலைபோய்க் கிளம்பிய கிணறு ஒன்று தெருமுனை திரும்பி வந்து, எங்கள் காருக்குப் பின்னால் நின்றது.

"கொஞ்சம் முன்ன எடுங்கம்மா, அது ஆபீசுக்குள்ள போவணும்லா" என்றார் சுடலைக்கண்ணு.

எடுத்தேன். கிணறு நகர்வதற்குள் தம்பி குனிந்து அதில் கை கழுவிக்கொண்டான். தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.