'சேர்ந்துதான் சார்'

1

இந்தக் கதை மாதுங்கா ஸ்டேஷனில் காதில் விழுந்த ஒற்றை வாக்கியம்: "கோட்டாவுல வந்தவ கோட்டாவோட நிக்கணுமோல்லியோ?" சொன்ன பெண்ணின் முகத்தை நான் பார்க்கவில்லை. சாருலதா என்று பெயர் வைத்தேன். சிவில் இன்ஜினியரிங், கடைசி வருஷம்.

2

யாரைச் சொன்னாள்? உடன் படிக்கும் இசக்கிசெல்வியை. தாராவியின் இருண்ட சந்தில், கிழிந்த பையோடு...

(அடித்துவிட்டேன். பரிதாபம் வந்தால் பொறாமைக்கு இடமில்லை. செல்வியின் பை சாருவுடையதைவிட நல்ல பை.)

செல்வி பட்டியலின ஒதுக்கீட்டில் சேர்ந்தவள். நுழைவுத் தேர்வில் சாருவைவிடக் குறைவு; முதல் செமஸ்டர் கணக்கில் அரியர். அப்போதெல்லாம் சாருவுக்கு அவளைப் பிடித்துத்தான் இருந்தது, நோட்ஸ்கூடக் கொடுத்தாள். மூன்றாம் வருஷம் செல்வி வகுப்பில் முதலாவதாக வந்தாள். அன்றைக்குப் பற்றிய வயிற்றெரிச்சல். சலுகை மார்க் என்று சொல்லி ஆறவும் வழியில்லை. விடைத்தாளில் பெயரே கிடையாது, எண்தான்.

3

இருவருக்கும் ஒரே புராஜெக்ட்: ரயில்வே நடைமேம்பாலம். கூட்டம் மொத்தமாக இறங்கும்போது பாலம் எவ்வளவு ஆடும் என்ற கணக்கு சாருவுக்கு வரவே இல்லை. செல்விதான் போட்டு முடித்தாள். வைவாவில் பேராசிரியர் அந்தப் பக்கத்தைத் தட்டி, செல்வியைத் தாண்டிச் சாருவைப் பார்த்தார்.

"இது நீ போட்டதுதானே?"

'இல்லை' நாக்கு நுனிவரை வந்தது.

"சேர்ந்துதான் சார்."

கல்லூரிகளுக்கிடையேயான போட்டிக்கு அவர் சாருவின் பெயரை எழுதிக்கொண்டார்.

மாடிப்படியில் செல்வி நின்றாள். "ஏட்டி சாரு, 'நாந்தான் போட்டேன்'னு முழுப் பொய்யா சொல்லிருக்கலாம்லா? சண்ட போட்டிருப்பேன். 'சேர்ந்து'ன்னுட்ட. இதுல எங்க போயி சண்ட போட?"

"ஒனக்கென்னடி, அடுத்த செமஸ்டரும் நீதானே ஃபர்ஸ்ட்?"

"ஆமா, நாந்தான்."

செல்வி இறங்கிப் போனாள். சாருவுக்கு அந்த நிச்சயத்தின் மேலும் பொறாமை வந்தது.

4

முடிவு. செல்வி திரும்பிப் போய், போர்டில் கணக்கு முழுவதையும் போட்டுக் காட்டி...

வேண்டாம். எழுதித் தேறியவளை நம் கைதட்டலுக்காக இன்னொரு பரீட்சைக்கு உட்கார வைக்க மாட்டேன்.

சாரு செல்வியிடம் அழுது...

அதுவும் வேண்டாம். மன்னிக்கிற வேலையும் செல்வி தலையிலா?

ஆகவே சாருவைப் பேராசிரியர் அறை வாசல்வரை கொண்டுவந்து விட்டிருக்கிறேன். எரிச்சல் தணியவில்லை, அதோடுதான் நிற்கிறாள். அவர் நிமிர்ந்து, "என்ன?" என்கிறார்.

நீங்கள் எந்த வகுப்பில், எந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரோ, எனக்குத் தெரியாது. சொல்லுங்கள், அவள் என்ன சொல்கிறாள்?