என் பெயரில் ஓடிய வண்டி

விடிய இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும்போதே நீர் நிரப்பும் நிலையத்தில் எங்கள் லாரிகள் வரிசை பிடித்துவிடும். மேலே தொங்கும் ரப்பர் குழாயை இழுத்து டேங்கின் வாய்க்குள் விடுவது இரண்டு ஆள் வேலை. எங்கள் கம்பெனியில் அதை ஒரே ஆள் செய்தோம். ஏணியில் ஏறி, ஒரு காலை டேங்கின் விளிம்பில் ஊன்றி, நனைந்து கனக்கும் குழாயைத் தோளில் போட்டு இழுக்கும்போது கழுத்து நரம்பு புடைக்கும். தண்ணீரைத் திறந்ததும் குழாய் உதறும். பிடி நழுவினால் பல் போய்விடும். அப்படிப் பல்லைக் கொடுத்தவர்கள் எங்களில் இரண்டு பேர் உண்டு.

நிரம்பிய டேங்கரை ஓட்டுவது பெரிய காரியமில்லை. பாதி காலியானதை ஓட்டுவதுதான் வேலை. முதல் கட்டடத்தில் பாதியை இறக்கிவிட்டு இரண்டாவதற்குப் போகும்போது மீதித் தண்ணீர் உள்ளே முன்னும் பின்னும் ஓடும். நல்ல டேங்க் என்றால் உள்ளே தடுப்புத் தகடு இருக்கும். எங்கள் முதலாளி மலிவாகக் கிடைத்ததை வாங்கிப் பெயின்ட் அடித்தவர். பிரேக்கை ஒரே மிதியாக மிதித்தால் பின்னாலிருந்து பத்து யானை தள்ளும்.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் நான் அப்படி மிதித்து ஒரு மதிலைச் சாய்த்தேன். ஊரில் வாடகைக் கார் ஓட்டியவன் நான், எனக்கென்ன தெரியும். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் என் தங்கை புருஷன். கல்யாணம் ஆன நாளிலிருந்து மாப்பிள்ளை என்னிடம் குரல் உயர்த்தியது அன்றைக்குத்தான்.

"தண்ணி முன்னாடி ஓடி வருது மச்சான். அது முட்டிட்டுத் திரும்பட்டும். அப்புறம் மிதிங்க."

மாப்பிள்ளைக்கு இருபத்திரண்டு வருட அனுபவம், முழுக்க டேங்கரில். லேசாக மிதிப்பார், விடுவார், மிதிப்பார், விடுவார். மூன்றாவது மிதியில் வண்டி தூங்கும் பிள்ளையைத் தொட்டிலில் கிடத்துவது போல நிற்கும். கம்பெனியில் அவருக்கு 'நிதானம்' என்று பெயர். அந்த நிதானத்துக்கு இந்த நாட்டில் லைசென்ஸ் கிடைக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பிரேக்கை மிதித்த எனக்கு முதல் தடவையே கிடைத்துவிட்டது.

எங்கள் ஊர் லைசென்ஸ் இங்கே ஒரு வருடம் செல்லும். பிறகு இந்த நாட்டு லைசென்ஸ் வேண்டும். அலுவலகச் சுவரில் ஒரு பட்டியல் ஒட்டியிருக்கிறார்கள். அதில் பெயருள்ள நாட்டுக்காரர்கள் தங்கள் லைசென்ஸைக் கொடுத்து, கண் பரிசோதனை செய்துகொண்டு, புதியதை வாங்கிப் போகலாம். எங்கள் நாடு அந்தப் பட்டியலில் இல்லை. நாங்கள் சாவியைத் திருகுவது எப்படி என்பதிலிருந்து இருபது வகுப்புப் படிக்க வேண்டும், எழுத்துத் தேர்வு, பிறகு சாலைத் தேர்வு. ஒரு தடவை தோற்றால் இன்னும் ஏழு வகுப்பு, மறுபடி கட்டணம். ஒன்றரை மாதச் சம்பளம் அதற்கே போய்விடும்.

மாப்பிள்ளை நான்காம் முறை தோற்ற அன்று நானும் கூடப் போயிருந்தேன். பட்டியலில் உள்ள நாட்டுக்காரர் ஒருவர், ஞாயிற்றுக்கிழமை மட்டும் கார் எடுப்பவராம், மாப்பிள்ளையிடம் பேனா கேட்டு வாங்கி ஒரு தாளை நிரப்பினார். கால் மணி நேரத்தில் லைசென்ஸோடு வந்து, பேனாவைத் திருப்பிக் கொடுத்து, நன்றியும் சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனிதர்தான். அவர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. சுவரிலிருந்த அந்தத் தாளைக் கிழித்துப் போடலாம் போல இருந்தது.

மாப்பிள்ளையின் கையில் வந்த தாளில், முன்பு மூன்று தடவை வந்தது போலவே, 'தோல்வி – 14' என்று மட்டும் இருந்தது. ஏன் எதற்கு என்று அவர் கேட்டதே இல்லை. அதிகாரியிடம் காரணம் கேட்கும் பழக்கம் எங்கள் யாருக்கும் கிடையாது. அன்று எனக்கு வயிறு எரிந்ததில் குமாஸ்தாவிடம் போய்க் கேட்டுவிட்டேன்.

"பதினாலுன்னா என்ன சார்?"

அவர் ஒரு புத்தகத்தைப் புரட்டினார். "அவசரத்துக்கு நிறுத்தத் தெரியலை."

தேர்வு அதிகாரி டாஷ்போர்டைத் தட்டியதும் காரை அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். மாப்பிள்ளை நான்கு தடவையும் தண்ணீர் முட்டித் திரும்பக் காத்திருந்திருக்கிறார். அந்தக் குட்டிக் காருக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அது மூளைக்குத் தெரியும், காலுக்குத் தெரியவில்லை.

அன்று மாலை அறையில் மற்றவர்களின் தாள்களை எடுக்கச் சொன்னேன். எங்கள் அறையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டில்கள், கட்டிலுக்குக் கட்டில் துண்டு கட்டிய திரை, பதினேழு டிரைவர்களுக்கும் சேர்த்து போன் சார்ஜ் போட இரண்டே இடம். லைசென்ஸ் இல்லாதவர்கள் பதினொரு பேர். தலையணைக்கு அடியிலிருந்தும் பெட்டிக்குள்ளிருந்தும் தாள்கள் வந்தன. பதினொரு பேரின் தாளிலும் அதே பதினான்கு. எதற்கெடுத்தாலும் புலம்புவதால் 'முனகல்' என்று பெயர் வாங்கியவன் தன் ஐந்து தாளையும் கட்டிலில் பரப்பிவிட்டுச் சொன்னான்: "நான் மட்டும்தான் மக்குன்னு இவ்வளவு நாள் நெனச்சிட்டிருந்தேன்."

குமாஸ்தா இன்னொன்றும் சொல்லியிருந்தார். கம்பெனி ஒரு லாரியைக் கொண்டுவந்து நிறுத்தி, கடிதமும் கொடுத்தால், சாலைத் தேர்வில் லாரியையே ஓட்டிக் காட்டலாம். மறுநாள் நானும் மாப்பிள்ளையும் முதலாளியிடம் போனோம்.

"அரை நாள் வண்டி நின்னா நாலு டிரிப்பு போச்சு. நீங்க பரீட்சை எழுத நான் கட்டடத்துக்கெல்லாம் தண்ணி குடுக்காம இருக்கணுமா?"

"வேலை உங்க வேலைதானே சார்," என்றேன்.

"லைசென்ஸ் உன் மாப்பிள்ளையோடது. தோத்தவனுக்கு இனிமே டிரைவர் சம்பளம் கிடையாது, குழாய் இழுக்குறவன் சம்பளம்தான். அதிகாலை டிரிப்பு மட்டும் வழக்கம்போல ஓட்டட்டும். அந்நேரம் ரோட்டுல யாரும் நிறுத்திக் கேக்க மாட்டாங்க."

மாப்பிள்ளை மெதுவாகக் கேட்டார். "ஓட்டத் தெரியாதவன்னா எதுக்கு சார் சாவி குடுக்குறீங்க?"

"தெரியாதுன்னு நானா சொன்னேன்? கவர்மென்ட்டு சொல்லுது." முதலாளி சிரித்தார். "உன்னைவிட நல்லா ஓட்டுறவன் என்கிட்ட இல்லைப்பா."

அன்றிலிருந்து மாப்பிள்ளையின் டிரிப் ஷீட்டில் என் பெயர் எழுதப்பட்டது. மற்ற பத்து பேருக்கும் லைசென்ஸ் உள்ள மற்ற ஐந்து பேரின் பெயர். ஒரே நேரத்தில் ஊரின் இரண்டு மூலைகளில் இரண்டு லாரி ஓட்டும் வித்தை எனக்கு வாய்த்தது. நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொன்னால் நான் யோக்கியனில்லை.

இரண்டே மாதம். ஒரு காலை, பாதி டேங்கோடு மாப்பிள்ளை நேர்ச்சாலையில் போய்க்கொண்டிருந்தபோது சந்திலிருந்து ஒரு கார் பார்க்காமல் பாய்ந்து வந்து லாரியின் பின்சக்கரத்தில் மோதியது. குழாய் இழுக்கக் கூட ஏறியிருந்த, லைசென்ஸ் இல்லாத இன்னொரு டிரைவருக்குக் கண்ணாடியில் மோதி மணிக்கட்டு முறிந்தது. தண்ணீர் வண்டியில் வேலை செய்துகொண்டு நாளெல்லாம் ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்காதவன் என்பதால் அவனை 'ஒட்டகம்' என்போம். கார்க்காரருக்குத் தோள் எலும்பு போனது. வண்டி கவிழாமல் நின்றது மாப்பிள்ளையின் காலால்தான். போலீஸ் வந்தது. லைசென்ஸ் எங்கே என்று கேட்டது. தவறு யாருடையது என்ற கேள்வி அத்தோடு முடிந்துவிட்டது.

மாப்பிள்ளையை ஸ்டேஷனில் வைத்தார்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். மூன்று வருடத்தில் அந்த அறையில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினார். வண்டியின் சாவியை நான் வைத்திருந்தேன், எனக்கும் கம்பெனிக்கும் தெரியாமல் என் மாப்பிள்ளை அதைத் திருடி ஓட்டிக்கொண்டு போய்விட்டார் என்று அதில் டைப் அடித்திருந்தது.

"படிக்க வேண்டாம். கையெழுத்து மட்டும் போடு."

"படிச்சிட்டேன் சார்."

"அப்ப வேலை சுலபம்."

"இதைப் போட்டா அவரை என்ன பண்ணுவாங்க?"

"கொஞ்ச நாள் உள்ள வைப்பாங்க. அப்புறம் ஊருக்கு ஏத்திவிடுவாங்க. மறுபடி இந்த நாட்டுக்குள்ள வர முடியாது."

"போடலைன்னா?"

"டிரிப் ஷீட்ல உன் பேரு இருக்கு. லைசென்ஸை அடுத்தவனுக்குக் குடுத்தேன்னு உன்னையும் உள்ள தள்ளுவாங்க. ரெண்டு பேரும் உள்ள போனா உன் தங்கச்சிக்கு மாசாமாசம் யாரு பணம் அனுப்புவா? யோசிச்சுப் பாரு. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அந்த ஆள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தேன். நாளை பத்து மணிக்குள் வேண்டும் என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

தங்கைக்குப் போன் போட்டேன். மூத்தவளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஏதோ சான்றிதழ் கொடுத்தார்களாம், அதைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். நான் இடையில் புகுந்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன்.

"அண்ணே, அவரு சாவியைத் திருடினாரா?"

"இல்லம்மா."

"அப்ப எதுக்கு என்கிட்ட கேக்குறீங்க?" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

அறையில் எல்லோரையும் கூட்டிவைத்துத் தாளில் இருந்ததைச் சொன்னேன். முனகல்தான் முதலில் பேசினான்.

"நீங்க கையெழுத்துப் போட வேண்டாம், சரி. போடலைன்னா ஒருத்தருக்குப் பதிலா ரெண்டு பேரு உள்ள. அதுல யாருக்கு என்ன லாபம்?"

ஒட்டகம் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் சாய்ந்திருந்தான். "நிதானம் அண்ணன் ஒருத்தர் ஓட்டினா அது திருட்டுன்னு எழுதலாம். மத்த பத்து பேரும் போய், நாங்களும்தான் ஓட்டினோம், முதலாளி சொல்லித்தான் ஓட்டினோம்னு சொன்னா? பதினொரு பேரும் தினமும் சாவி திருடினாங்கன்னு எழுதுவாரா?"

"பதினொரு பேரையும் ஊருக்கு ஏத்திடுவாங்கடா," என்றான் முனகல். "நான் வட்டிக்கு வாங்கி வந்தவன்."

"ஏத்தினாலும் ஏத்துவாங்க. நான் இல்லைன்னு சொல்லலை."

லைசென்ஸ் உள்ள ஐந்து பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பேசாமல் இருந்தால் அவர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அவர்களில் மூத்தவர் தொண்டையைக் கனைத்தார். "என் பேர்ல ரெண்டு பேரு ஓட்டுறாங்க. நாளைக்கு அவங்க யாரு மேலயாவது மோதிட்டா, இதே தாள் என் முன்னாடி வரும். நானும் வர்றேன்."

ஒருவர் எழுந்து போய்க் குழாயில் முகம் கழுவிவிட்டு வந்தார். இன்னொருவர் கட்டிலில் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்கு நம்பிக்கை போய்விட்டது. அப்போது முனகல் பெட்டியைத் திறந்து எதையோ துழாவினான்.

"போலீஸ் ஸ்டேஷனுக்குப் போறோம். கசங்காத சட்டை யாருகிட்டயாவது ஒண்ணு கூடுதலா இருக்கா?"

மறுநாள் காலை ஒரு லாரியும் நகரவில்லை. மோதிய வண்டி போக மீதிப் பதினாறு சாவிகளும் பலகையில் அதனதன் ஆணியில் தொங்கின. பத்து மணிக்கு நாங்கள் முதலாளியின் அறையைத் தாண்டி நடந்து ஸ்டேஷனுக்குப் போனோம். என் சட்டைப்பையில் போன் விடாமல் அடித்தது. நான் எடுக்கவில்லை.

மேசையிலிருந்த அதிகாரி எங்களைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார். "எதுக்கு இவ்வளவு கூட்டம்? ஒருத்தர் பேசினா போதும்."

"ஒருத்தர் பேசினதாலதான் சார் ஒருத்தரை மட்டும் உள்ள வச்சிருக்கீங்க," என்றேன். "எல்லாரும் சொல்றதையும் எழுதிக்கணும்."

என்னுடையதை முதலில் எழுதினார். என் பெயரில் வேறொருவர் ஓட்டியது எனக்குத் தெரியும், ஓட்டச் சொன்னது முதலாளி, சாவியைக் கொடுத்தது கம்பெனி. கீழே கையெழுத்துப் போட்டேன். அடுத்து முனகல் வந்து நின்றான். கடன் வாங்கிய சட்டை, தோளில் தொளதொளவென்று தொங்கியது.

"லைசென்ஸ் இல்லாம ஏழு மாசம் ஓட்டியிருக்கேன் சார். எழுதிக்குங்க."

அதிகாரி பேனாவை நிறுத்தினார். "இதை எழுதினா உனக்கே வினை. தெரியுமா?"

"தெரியும் சார். எழுதுங்க."

அதிகாரி அவனையும், அவனுக்குப் பின்னால் வாசல்வரை நின்ற வரிசையையும் பார்த்தார். எழுந்து போய் ஒரு கட்டுத் தாளோடு வந்தார். "நேரமாகும். உட்காருங்க," என்றார். பெஞ்சில் ஆறு பேருக்குத்தான் இடமிருந்தது. ஒட்டகத்தை மட்டும் உட்காரவைத்துவிட்டு மற்றவர்கள் நின்றோம்.

உள்ளே கம்பிக் கதவுக்கு அப்பாலிருந்து மாப்பிள்ளையின் குரல் கேட்டது.

"மச்சான், அங்க நீங்களா?"

"நான்தான் மாப்ள. எல்லாரும் வந்திருக்கோம்."

"எல்லாரும் இங்க வந்துட்டா வண்டியை யாரு எடுத்திருக்கா?"

"யாரும் எடுக்கலை மாப்ள."

உள்ளே அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அதிகாரி அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.