நீலக் கட்டம் போட்ட சட்டைக்காரர்

வீடியோவை எடிட் செய்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். டிவிக்கு அகலமாக ஒன்று, ஃபேஸ்புக்குக்குச் சதுரமாக ஒன்று, ஸ்டேட்டஸுக்கும் ரீல்ஸுக்கும் நெட்டையாக ஒன்று என்று அதே வீடியோவை மறுபடி மறுபடி வெட்ட வேண்டும். “சும்மா சைஸ் மாத்துறதுதானே?” என்பார்கள். சும்மாவா! ஒவ்வொரு சைஸிலும் யாராவது ஒருவர் படத்துக்கு வெளியே போயாக வேண்டும். யாரென்று நான்தான் முடிவு செய்யணும், திட்டும் நான்தான் வாங்கணும்.

என் கடை திருவெறும்பூரில். மே மாதக் கடைசி நாள் வந்தால் எங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. அந்தக் காலத்து வாத்தியார்கள், பிறந்த தேதி தெரியாத பிள்ளைகளுக்கெல்லாம் ஜூன் ஒன்று என்று எழுதித் தள்ளிவிட்டார்கள். அந்தப் பிள்ளைகள் இப்போது கூட்டமாக ரிட்டயர் ஆகிறார்கள். ஃபேக்டரியிலிருந்து மாலையும் மேளமுமாக, கூட வேலை செய்தவர்கள் வீடு வரை வந்து விட்டுவிட்டுப் போவார்கள். வாசலில் வீட்டம்மா ஆரத்தி எடுப்பார். இந்த வருஷம் ரத்தினவேல் சார் வீட்டுக்கு நான் வீடியோ எடுத்தேன்.

அகல வீடியோவை டிவியில் பார்த்த கையோடு அவர் மனைவி ஜெகதாம்பாள் அம்மா கடைக்கு வந்துவிட்டார். பின்னாலேயே சாரும்.

“ஏம்மா இர்பானா, இந்த ஆளு யாரு?”

நீலக் கட்டம் போட்ட சட்டை. வயது சாருக்குச் சமமாக இருக்கும். வீடியோவில் மேளக்காரர் பக்கத்தில் அவர், தெருமுனையில் அவர், வாசலிலும் சாரின் தோளை ஒட்டிக்கொண்டு அவர்.

“உங்க சொந்தக்காரர்னு நெனச்சேன்மா.”

“நான் இவரு ஃபேக்டரி ஆளுன்னு நெனச்சேன். பந்தியில கேட்டுக் கேட்டுப் பாயசம் ஊத்தினேனே!”

“நான் உன் தம்பி வீட்டுச் சம்பந்தின்னு நெனச்சு, ஊர்ல மழை உண்டான்னு விசாரிச்சேன்” என்றார் சார். “உண்டுன்னாரு.”

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அம்மாவுக்கு வரவில்லை.

“பொண்ணோட மாமியார் வீடு மொத்தமும் ஸ்டேட்டஸைப் பாக்கும். அழைக்காம வந்த ஆளை நடுவீட்டுல நிக்க வெச்சிருக்கீங்களேன்னு கேப்பாங்க. நெட்டை வீடியோவுல இவரு இருக்கக் கூடாது. வெட்டிடு.”

சொல்வது சுலபம். சார் நகர்ந்தால் அவரும் நகர்கிறார். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு விரல் நுழைய இடமில்லை. எனக்கு எரிச்சலும் வந்தது, இந்த ஆள் யார் என்று மண்டை குடையவும் ஆரம்பித்தது. பாயசத்துக்காக வெயிலில் இவ்வளவு தூரம் யாராவது நடப்பார்களா?

என் கேமராவில் விழும் படம் கிட்டத்தட்ட சதுரம். டிவிக்கு மேலேயும் கீழேயும் வெட்டிவிடுவேன். ஸ்டேட்டஸுக்குப் பக்கவாட்டில் வெட்டிவிட்டு, மேலும் கீழும் வெட்டியதைத் திரும்ப எடுத்துக்கொள்வேன். அவர்கள் எதிரிலேயே அப்படி எடுத்தேன். அதுவரை மார்பளவுக்குத் தெரிந்த நீலச் சட்டைக்காரருக்கு இப்போது இடுப்பும் கையும் வந்தன.

கையில் ஒரு மாலை இருந்தது. சுருட்டி, யாருக்கும் தெரியாமல் தொடையோடு அழுத்திப் பிடித்திருந்தார். அக்குளில் ஓர் அட்டைப் பெட்டி.

“நிறுத்து, நிறுத்து” என்றார் சார். “அந்தப் பெட்டி... நேத்து காலையில எனக்குக் குடுத்த அதே கடிகாரம். ரிட்டயர் ஆனவங்களுக்கு மட்டும்தான் அதைக் குடுத்தாங்க.”

யா அல்லாஹ்! தன் ஊர்வலத்தை விட்டுவிட்டு இன்னொருத்தர் ஊர்வலத்தில் ஏன் நடக்கணும்? சார் உடனே படத்தைத் தன் ஃபேக்டரி சிநேகிதர் ஆசீருக்கு அனுப்பிவிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டார்.

“இது ஸ்டீபன்ராஜ்ப்பா. நம்ம ஃபேக்டரியில பெயிண்ட் ஷாப்ல இருந்தாரு” என்றது ஆசீரின் குரல். “சம்சாரம் போன வருஷம் தவறிட்டாங்க. பையன் வெளிநாட்டுல. மேளம், வண்டி எல்லாம் ரெடி பண்ணி வெச்சிருந்தாங்க. வேணாம்னுட்டாரு. ‘வீட்டுல கதவைத் திறக்க யார் இருக்கா? பூட்டுக்கா மேளம் அடிக்கப் போறீங்க?’ன்னு கேட்டாராம். மாலையைக் கழட்டிக்கிட்டு நடந்தே போயிட்டாருன்னு சொன்னாங்க. உங்க கூடவா வந்தாரு?”

சும்மா இருக்க முடியாமல் வீடியோவை ஓடவிட்டேன். வாசல் வந்தது. ஜெகதாம்பாள் அம்மா சாருக்கு ஆரத்தி சுற்றுகிறார், நெற்றியில் பொட்டு வைக்கிறார். அந்த வேகத்திலேயே பக்கத்தில் நின்றவருக்கும் வைக்கிறார். ஸ்டீபன்ராஜ் தலையைக் குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்கிறார்.

“நானா வெச்சேன்?” என்றார் அம்மா. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். “இர்பானா, இவரு நடுவுல வர்ற மாதிரி இன்னொண்ணு வெட்டு.”

“அப்படின்னா சார் வெளியே போயிடுவாரேம்மா.”

“போகட்டும். எங்க வீட்டுக்காரர் மூஞ்சியத்தான் இனிமே பகல் முழுக்க பாக்கப்போறேனே. வெட்டு!”

சார் சரியென்று தலையை ஆட்டினார்.

வெட்டினேன். பத்துப் பதினைந்து பேருக்கு முன்னால் நீலச் சட்டைக்காரர் நடந்து வருகிறார். மேளம் அவருக்காக அடிக்கிறது. ஓரத்தில் சாரின் முழங்கை மட்டும் அவ்வப்போது எட்டிப் பார்க்கிறது. அது இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். ஆசீரிடம் நம்பர் வாங்கி, “உங்க வீடியோ சார்” என்று எழுதி அனுப்பினேன்.

பிறகு போன் அடித்தது. அந்தப் பக்கம் ஸ்டீபன்ராஜ் தயங்கித் தயங்கிப் பேசினார்.

“இன்னும் திறந்து பாக்கலம்மா. வாசல் வரைக்கும் வருதா?”

“வருது சார்” என்றேன். “கதவு திறந்திருக்கு.”